கோழிக்காரர் அரை விலைக்குக் கேட்டார்



"கோழி வளர்த்தால் செடி மிஞ்சாது, செடி வைத்தால் கோழியை அடைத்துப் போட வேண்டும். நீங்கள் மட்டும் இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று வாசகிகள் இரண்டு மூன்று பேர் ஒரே மாதிரி கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். இந்த இதழில் அதற்குப் பதில் சொல்லி விடுகிறேன். அதோடு இன்னொரு சமாசாரமும் இருக்கிறது. இது தை மாதம். கோழி வைத்திருக்கிற வீடுகளில் இப்போது செய்யாமல் விட்டால் பிறகு செய்தும் பிரயோஜனம் இல்லாத வேலை ஒன்று உண்டு. உண்மையைச் சொன்னால், அதைச் சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன்.

முதலில் கேள்விக்கு வருவோம்.

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டைப் பற்றித் தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய் போகிற இடம். என் வீட்டுக்காரர் தோட்டத்தில் விளைகிற தக்காளியும் முருங்கையும் அங்கேதான் போகும். அந்த விலை நம் கையில் இல்லை. இன்றைக்கு ஏறும், நாளைக்குப் பறிகூலிக்கே காணாது. ஆனால் வீட்டை ஒட்டிய பதினைந்து சென்ட் கொல்லை என் பொறுப்பு. அங்கே விளைகிற கீரையும் காயும், கூண்டில் கிடைக்கிற முட்டையும் மார்க்கெட் விலையைப் பார்த்து வருவதில்லை. வீட்டுக் குழம்புக்குப் போக மிச்சம் தெருவிலேயே விற்றுப் போகும். அந்தக் காசு அஞ்சறைப் பெட்டிக்குத்தான் போகும். யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்!

கோழிக்கு மாலை, செடிக்குக் காலை

கோழியும் செடியும் ஒத்துப் போவதற்கு நான் வைத்திருக்கிற ஏற்பாடு பெரியதாக ஒன்றுமில்லை. நேரத்தைப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பெட்டைக்கோழி பெரும்பாலும் மதியத்துக்குள் முட்டை இட்டுவிடும். அதனால் காலை முழுக்கக் கூண்டை ஒட்டிய அடைப்புக்குள்ளேயே கோழிகள் இருக்கும். உள்ளே நிழலும் தண்ணீரும் உண்டு. முட்டையைப் புதரில் போய்த் தேடுகிற வேலை மிச்சம். சாயங்காலம் நாலு மணிக்குத் திறந்து விட்டால், இருட்டுகிற வரைக்கும் இரண்டு மணி நேரம் கொல்லையில் மேய்ந்துவிட்டுத் தாமாகவே அடைய வந்துவிடும்.

அந்த இரண்டு மணி நேரத்திலும் கீரைப் பாத்தியைக் கிளறிவிடுமே என்கிறீர்களா? கிளறத்தான் செய்யும். கீரைப் பாத்தி, நாற்றங்கால் இரண்டும் தனியாகக் கிளுவை வேலிக்குள் இருக்கின்றன. வேலிச் சந்தில் தென்னை ஓலைத் தட்டி. புதிதாக விதை தூவிய பாத்தியின் மேல், முளைத்து வருகிற வரைக்கும் முள்ளைப் பரப்பி வைப்பேன்.

மற்றபடி அவரை, பீர்க்கு, புடலை எல்லாம் பந்தலில். கொடி ஒரு முழம் ஏறுகிற வரைக்கும் தூரைச் சுற்றிப் பழைய கூடையைக் கவிழ்த்து வைத்தால் போதும். அதற்குப் பிறகு காய் மேலே, கோழி கீழே. பந்தலுக்கு அடியில் முளைக்கிற புல்லையும் புழுவையும் அவை பார்த்துக்கொள்ளும். குஞ்சுகள் பந்தல் நிழலில் மேய்ந்தால் பருந்தின் கண்ணிலும் சட்டென்று படாது. கத்திரியில் குருத்து வாடித் தலை சாய்ந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குருத்தைக் கிள்ளிக் கோழிக்குப் போட்டு விடுங்கள். சொத்தைக் கத்திரிக்காயையும் அப்படியே செய்யுங்கள். புழுவும் ஒழிந்தது, கோழிக்கும் தீனி ஆயிற்று.

அசுவினிக்கும் இளம் புழுவுக்கும் வேப்பங்கொட்டைதான் என் மருந்து. உடைத்த வேப்பம்பருப்பு 50 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். இரவு ஊறப்போட்டுக் காலையில் வடிகட்டி, துளி சோப்பு கரைத்துச் சாயங்காலம் தெளிக்கலாம்.

எருவில் ஒரு ஜாக்கிரதை

கோழி எரு மாட்டு எருவை விடச் சத்து அதிகம். சூடும் அதிகம். பச்சையாகக் கொண்டு போய்த் தூரில் கொட்டினால் செடி கருகிவிடும். கூண்டில் வழித்ததைக் காய்ந்த சருகோடு மாற்றி மாற்றிக் குழியில் போட்டு, லேசாக ஈரம் வைத்து மூடி, மூன்று மாதம் கழித்து எடுங்கள். நாற்றம் போய் மண் மாதிரி உதிர்ந்தால் பதம். பச்சையாகச் சாப்பிடுகிற வெங்காயத் தாள், கொத்தமல்லிப் பாத்திகளுக்கு மக்காத எரு கூடவே கூடாது. அதில் இருக்கிற கிருமி நேரே நம் தட்டுக்கு வந்துவிடும்.

குஞ்சுத் தீனிக்குக் காசு வேண்டாம்

சிறு குஞ்சுகளுக்குக் கரையானைப் போல நல்ல தீனி கிடையாது. அதை வரவழைக்கிற உபாயம் நம் பாட்டிமாருக்குத் தெரியும். பழைய பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், மட்கிய ஓலை எல்லாவற்றையும் அடைத்துத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் நிமிர்த்தினால் பானை நிறையக் கரையான்! குஞ்சுகள் ஓடி வருவதைப் பார்க்க வேண்டுமே!

பெரிய கோழிக்குக் குருணை, கம்பு, தவிடு, கீரைத் தண்டு, மிஞ்சிய சோறு எதுவும் ஆகும். பூஞ்சை பிடித்த கடலை, மக்காச்சோளம் மட்டும் ஆகாது. "மனுஷனுக்குத்தானே ஆகாது, கோழிக்கு என்ன" என்று போட்டு விடாதீர்கள். அந்தப் பூஞ்சை நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுத்துவிடும்.

முட்டைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நாட்டுக்கோழி வருஷத்துக்கு அறுபதிலிருந்து எண்பது முட்டை இட்டாலே நல்ல கோழி. பத்துக் கோழி இருந்தால் தினசரி சராசரி இரண்டு முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாமக்கல் பண்ணைக் கோழியோடு இதை ஒப்பிடக் கூடாது. அது தீனியும் கூண்டுமாக முட்டைக்கென்றே வளர்கிற ஜாதி. இது நம் கொல்லையில் கிடைத்ததைத் தின்று, தானே அடை காத்து, தானே குஞ்சைக் காப்பாற்றுகிற ஜாதி.

இரண்டு முட்டை என்றால் கொஞ்சமா? ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கிய குழந்தை இருக்கிற வீட்டில் கேட்டுப் பாருங்கள். நன்றாக வேகவைத்த முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக மசித்துக் கொடுத்துப் பழக்கினால், அந்தச் சின்ன வயிற்றுக்கு அதில் இருக்கிற புரதமும் வைட்டமினும் எவ்வளவு பெரிய காரியம்! 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார்; 1989-ல் அதில் முட்டையும் சேர்ந்தது. பிள்ளைகளின் தட்டில் முட்டை வேண்டும் என்று அரசாங்கமே நினைத்ததென்றால் சும்மா இல்லை.

மாசி, பங்குனியில் வருகிற எமன்

இப்போது முக்கியமான விஷயம்.

கோழி வளர்த்த எந்த வீட்டிலும் வெள்ளைக் கழிச்சல் என்றால் வயிறு கலங்கும். ராணிக்கெட் நோய் என்பதும் இதுதான். ராணிக்கெட் என்பது இமயமலைப் பக்கம், இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில் உள்ள ஓர் ஊர். 1920-களின் கடைசியில் நம் நாட்டில் இந்த நோயை அந்த ஊரில்தான் கண்டுபிடித்தார்கள். அதனால் ஊர்ப் பேரே நோய்க்கும் வந்துவிட்டது. இங்கிலாந்தில் 1926-ல் நியூகாசில் என்கிற ஊர்ப் பக்கம் கண்டதால் வெளிநாடுகளில் நியூகாசில் நோய் என்பார்கள்.

கோழி தீனி எடுக்காது. சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நிற்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். சிலதுக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். ஒரு கூண்டில் ஒன்றுக்கு வந்தால் நாலைந்து நாளில் பாதிக் கூண்டு காலி. இது வைரஸ் கிருமி. வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. வருவதற்கு முன்னால் தடுப்பு மருந்து உண்டு. இந்த இரண்டு வாக்கியத்தையும் அடுப்படிச் சுவரில் எழுதி வைத்தாலும் தகும்.

போன வருஷம் பங்குனியில் எங்கள் ஊரில் நடந்ததைக் கேளுங்கள்.

பிள்ளையார் கோயில் தெருவில் ஒரு வீட்டில்தான் முதலில் விழுந்தது. மூன்றாம் நாள் எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது. எங்கிருந்துதான் மோப்பம் பிடித்தாரோ, கோழிக்காரர் வண்டியில் கம்பிக் கூண்டைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அரை விலை. "இன்னைக்கு அரை விலை, நாளைக்கு அதுவும் இல்லை" என்று சொல்லிச் சொல்லியே வாங்கினார். தெருவில் நாலைந்து வீட்டில் கொடுத்தும் விட்டார்கள். என் கோழிகளுக்கு மாசி முகாமிலேயே தடுப்பூசி போட்டிருந்தது. நான் அடைப்பைச் சாத்திவிட்டு, வெளியாள் யாரும் கூண்டுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

தெருக் கடைசி வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். கைக்குழந்தைக்காரி. பையனுக்கு அப்போது பதினோரு மாதம். பொங்கல் சீராக அவள் அம்மா கொடுத்த பணத்தில், முகாம் முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் வாரச் சந்தையில் ஒன்பது வெடைக்கோழி வாங்கியிருந்தாள். அதில் நாலு முட்டை வைக்கவும் தொடங்கிவிட்டது. பையனுக்கு ஒரு முட்டை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை எங்கள் தெருவிலேயே விற்பாள். அந்தக் காசை மஞ்சள் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். அவள் கையில் அவளுக்கென்று இருந்த பணம் அது ஒன்றுதான்.

அன்றைக்குக் காலையில் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"அக்கா, என் கோழியில ஒண்ணு விடியக்காலத்துல இருந்து கொரகொரன்னு இழுக்குது. கழுத்து வேற திருகிக்கிச்சு. மத்த எட்டும் நல்லாத்தான் இருக்கு. கோழிக்காரர் வாசல்ல நிக்கிறார். எட்டையும் குடுத்துடச் சொல்றாங்க எங்க அத்தை. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

பின்னாலேயே மாமியாரும் வந்துவிட்டார். "இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு? செத்தா மண்ணுக்குத்தான் போகும். வித்தா பாதிப் பணமாச்சும் கையில நிக்கும்ல?" என்றார்.

அந்தம்மா சொன்னதில் தப்பு என்று யாராவது சொல்ல முடியுமா? சிறுவாடு சேர்த்து வாழ்ந்த பெண்பிள்ளைக்கு அரைப் பணம் என்பது அரைப் பணம்தான். 'விற்காதே' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட எனக்கு நாக்கு எழவில்லை. என் கோழி பத்திரமாக இருக்கிறது. போகப் போவது அவள் பணம். ஆனாலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கக் கூடாது, இல்லையா?

"பாரும்மா, எட்டும் நல்லா இருக்குன்னு இப்ப சொல்ல முடியாது. ஒரே தண்ணித் தட்டு, ஒரே கூண்டு. கிருமி உள்ளே போயி நோய் வெளியே தெரிய நாலைந்து நாள் ஆகும். அந்தக் கோழி எந்தக் கூண்டுக்குப் போகுதோ அங்கேயும் அதே கதைதான். அவர் இதைக் கொண்டுபோய் எங்க விக்கிறார்னு கேட்டுட்டு நீயே முடிவு பண்ணு" என்றேன்.

அவள் கேட்டாள். கோழிக்காரர் ஒளிக்கவும் இல்லை. "நாளைக்குச் சந்தைம்மா. அங்க வளர்ப்புக்கு வாங்குறவங்க வருவாங்க" என்றார்.

அவள் ஒன்பது கோழியும் வாங்கினாளே, அதே சந்தை.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். இடுப்பில் இருந்த பையனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அப்போ எனக்கும் இப்படித்தான் எவளோ ஒருத்தி வித்து அனுப்பியிருப்பா" என்றாள். பிறகு கோழிக்காரரிடம், "வேண்டாங்கண்ணா, குடுக்கல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அதற்கப்புறம் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கால்நடை மருந்தகத்துக்குப் போன் போட்டோம். டாக்டர் மத்தியானம் வந்தார். நோய் கண்டதைத் தனியே பிரித்து வைக்கச் சொன்னார். "கிருமி உள்ளே போன கோழிக்கு இனி ஊசி போட்டுப் பலன் இல்லை. போகாத கோழிக்குப் பலன் உண்டு. எது எதுவென்று வெளியே தெரியாதும்மா. எட்டுக்கும் போட்டு விடுகிறேன், எத்தனை நிற்கிறதோ பார்ப்போம்" என்றார்.

அடுத்த ஒரு வாரத்தில் எட்டில் ஐந்து போய்விட்டது. முதல் கோழியோடு சேர்த்து ஆறு. மிஞ்சியது மூன்று. ஒவ்வொரு நாளும் அவள் வீட்டுக்காரர் கொல்லை ஓரத்தில் இரண்டு முழத்துக்கு மேல் ஆழமாகக் குழி வெட்டி, கோழியைப் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூடினார். மாமியார் நாலு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. விற்ற வீடுகளில் அரைப் பணமாவது இருந்தது. இவளுக்கு அதுவும் இல்லை. இதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. சரியான காரியத்தைச் செய்தால் உடனே லாபம் வந்துவிடும் என்று கதை சொல்ல நான் வரவில்லை.

ஆனால் அவளைத் தாங்கியது ஒன்று உண்டு. மாசியிலேயே என்னிடம் விதை வாங்கிப் போய் இரண்டு பாத்தி சிறுகீரையும் ஒரு பாத்தி அரைக்கீரையும் போட்டிருந்தாள். சிறுகீரை இருபத்தைந்து நாளில் பறிக்கலாம். அரைக்கீரையை அறுக்க அறுக்கத் தழையும். கோழி விழுந்த அந்த வாரத்தில்தான் முதல் பறிப்பு. காலையில் கட்டுக் கட்டித் தெருவில் கொடுத்தால் பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். முட்டைக் காசு நின்றது. கீரைக் காசு நிற்கவில்லை. பையனுக்குத் தினம் ஒரு முட்டை மட்டும் என் கூண்டிலிருந்து போயிற்று. சும்மா இல்லை, கீரைக் கட்டுக்கு மாற்று! "கோழியும் வையுங்கள், பாத்தியும் போடுங்கள்" என்று நான் இந்தப் பக்கத்தில் ஓயாமல் எழுதுவது எதற்கென்று இப்போது புரிகிறதா? ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும்.

டாக்டர் சொன்னபடி கூண்டில் இருந்த எருவையும் வைக்கோலையும் எரித்துவிட்டு, கழுவி, சுண்ணாம்பு அடித்து, இரண்டு மாதம் வெயிலில் காயப் போட்டாள். மிஞ்சிய மூன்றையும் அதுவரை தனியே பஞ்சாரத்தில் கவிழ்த்து வளர்த்தாள். ஆடியில் என் கோழி ஒன்று அடைக்கு உட்கார்ந்தது. பதினோரு முட்டை வைத்தேன். இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சு. வளர்ந்த பிறகு பாதிக்குப் பாதி என்று வாரத்துக்கு அவளிடம் விட்டேன். ஆட்டையும் மாட்டையும் வாரத்துக்கு விடுகிற வழக்கம் நமக்குப் புதிதா என்ன?

ஏழாம் நாள் காலையில், நான் சொல்வதற்கு முன்னாலேயே ஒன்பது குஞ்சையும் கூடையில் வைத்துக்கொண்டு மருந்தகத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

இந்தப் பதினைந்து நாளில் செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் வருஷா வருஷம் பிப்ரவரி மாத வாக்கில் கால்நடை பராமரிப்புத் துறை கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. இலவசம். உங்கள் ஊருக்கு என்றைக்கு என்று பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முகாமுக்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து கொடுத்து விடுங்கள். குடலில் பூச்சி இருக்கிற கோழிக்குத் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது.

முகாம் நாளன்று காலையில் கூண்டைத் திறக்காதீர்கள்! திறந்து விட்டுவிட்டு ஊசி போடுகிறவர் வந்தபின் கொல்லை முழுக்கக் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடுகிற கூத்து ஒவ்வொரு ஊரிலும் நடக்கிறது. அந்த மருந்து பனிக்கட்டியில் இருக்க வேண்டியது. கலக்கிய பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். கோழி பிடிபடுகிற வரைக்கும் அது காத்திருக்காது.

குஞ்சு பொரித்திருந்தால் ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து. நாலாவது வார வாக்கில் மறுபடியும் சொட்டு அல்லது குடிதண்ணீரில் மருந்து. எட்டாவது வாரம் ஊசி. அதற்குப் பிறகு எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்பதை உங்கள் மருந்தகத்து டாக்டர் சொல்வார். நோயில்லாத கோழிக்குத்தான் போட வேண்டும். ஊசி போட முடியாத இடங்களுக்காகத் தீனியோடு கொடுக்கிற குருணை மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் கண்டுபிடித்திருக்கிறது. கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

சந்தையில் வாங்கிய கோழியைக் கொண்டு வந்தவுடன் பழைய கோழிகளோடு சேர்க்காதீர்கள். இரண்டு வாரமாவது தனிக் கூண்டு, தனித் தண்ணீர்த் தட்டு. முதலில் பழைய கோழிக்குத் தீனி வைத்துவிட்டுப் பிறகு புதுக் கோழியிடம் போங்கள்.

திடீரென்று பல கோழிகள் ஒன்றாகச் செத்தால், இது கழிச்சல்தான் என்று நாமே தீர்மானித்துவிடக் கூடாது. பறவைக் காய்ச்சலும் பார்வைக்கு இப்படியே இருக்கும். வெறுங்கையால் தொடாமல் உடனே கால்நடை டாக்டருக்குச் சொல்லுங்கள். சீக்குக் கோழியை அறுத்துச் சமைப்பதும், செத்ததை ஓடையில் வீசுவதும் வேண்டவே வேண்டாம். கூண்டில் வேலை செய்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கூண்டுக்கு மட்டும் ஊசி போட்டால் போதாது. பக்கத்து வீட்டில் இரண்டே கோழி வைத்திருக்கிற பாட்டிக்கும் போய்ச் சொல்லுங்கள். "ரெண்டு கோழிக்கு எதுக்கு ஊசி" என்பார். அந்த இரண்டும் உங்கள் கோழியும் ஒரே குப்பைமேட்டில்தானே மேய்கின்றன?

எங்கள் ஊரில் இந்த வருஷம் வீடு வீடாகப் போய் யார் வீட்டில் எத்தனை கோழி என்று நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறவள் அந்தக் கடைசி வீட்டுப் பெண்தான். இதுவரை நாற்பத்தியொரு வீடு, முந்நூற்றுச் சொச்சம் கோழி. டாக்டரிடம் கொடுத்தால் எத்தனை மருந்து கொண்டு வர வேண்டும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், பாருங்கள். பையனைப் பார்த்துக்கொள்வது மாமியார்.

அடுத்த இதழில், கோடைக்குத் தண்ணீர் குறைவாகச் செலவாகிற காய்கள் எவை, பாத்தியில் மூடாக்கு எப்படிப் போடுவது என்று எழுதுகிறேன். அதற்குள் உங்கள் ஊர் முகாம் தேதியை விசாரித்துக் காலண்டரில் குறித்து வைத்து விடுங்கள்.